கடை பில்லுக்கு வரி லைப்ரரி: நிறுவுவதும் லாக் (நிரலின் நடவடிக்கைக் குறிப்பு) திறப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் உணவகம், கார் பட்டறை, டயர் கடை ஆகியவற்றுக்கு பில் மென்பொருள் எழுதிக் கொடுப்பவர்களும் அதைப் பயன்படுத்தும் கடைக்காரர்களும் ஓயாமல் கேட்கும் சந்தேகங்கள் இவை. பதில்கள் பைத்தான் நிரல் மொழியையும் மலேசியச் சேவை வரியையும் ஒட்டியவை. கட்டளைகளின் பெயர்களை உச்சரிப்புப்படியே தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

பில் சாஃப்ட்வேரே வரி போட்டுக்குதே, லைப்ரரின்னு தனியா ஒண்ணு எதுக்கு?

வரி விகிதம் மாறும் என்பதால். 2015 ஏப்ரல் 1 அன்று ஜி.எஸ்.டி. (பொருள், சேவை வரி) 6 விழுக்காட்டில் வந்தது. 2018 ஜூன் 1 முதல் அது சுழியமானது. அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் எஸ்.எஸ்.டி. (விற்பனை, சேவை வரி) நடைமுறைக்கு வந்தது. 2024 மார்ச் 1 முதல் சேவை வரி பொதுவாக 8 விழுக்காடானது. உணவு பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம் போன்ற சில சேவைகள் மட்டும் 6 விழுக்காட்டிலேயே நின்றன. 2025 ஜூலை 1 முதல் வாடகை, கட்டுமானம் என்று புதிய சேவைகளும் வரிக்குள் வந்தன.

'0.06' என்ற எண்ணைப் பில் திரையில் ஓரிடம், அறிக்கையில் ஓரிடம், பில் ரத்துப் பகுதியில் ஓரிடம் என்று எழுதி வைத்திருந்தால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். பெரும்பாலும் விட்டுப்போவது ரத்துப் பகுதிதான். லைப்ரரி என்பது வரிக் கணக்கை ஒரே இடத்தில் வைத்திருக்கும் தொகுப்பு. தேதி, சேவைக் குறியீடு, தொகை மூன்றையும் கொடுத்தால், வரி எவ்வளவு, எந்த விதிப்படி வந்தது என்ற இரண்டையும் அது திருப்பித் தர வேண்டும். வரியை மட்டும் தந்து விதியைச் சொல்லாத லைப்ரரியை வாங்காதீர்கள், எழுதவும் எழுதாதீர்கள்.

எங்களுது சின்ன சாப்பாட்டுக் கடை, எஸ்.எஸ்.டி. பதிவே இல்ல. எங்களுக்கும் இது வேணுமா?

உணவகத்துக்குப் பதிவு வரம்பு 12 மாதத்தில் 15 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) விற்பனை. கார் பட்டறைக்கு 5 லட்சம் வெள்ளி. வரம்புக்குக் கீழே இருந்து பதிவும் செய்யாத கடை, வாடிக்கையாளரிடம் சேவை வரி என்று ஒரு சென்கூட வசூலிக்கக் கூடாது. இப்போதைக்கு உங்களுக்கு வரி சுழியம்தான்.

ஆனாலும் லைப்ரரி வழியாகவே பில் போகட்டும். அமைப்புக் கோப்பில் 'பதிவு உண்டா' என்று உண்டு/இல்லை குறிக்காமல், 'பதிவு தொடங்கும் தேதி' என்று ஒரு புலம் வையுங்கள். இப்போது அதை வெறுமையாக விடலாம். பிறகு பதிவு வந்தால் தேதியை நிரப்பினால் போதும். அதற்கு முந்தைய பில்கள் வரியில்லாமலே நிற்கும்.

பைத்தான் போட்டாச்சு. ஆனா கட்டளை அடிச்சா மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்தான் திறக்குது. ஏன்?

நிறுவியின் முதல் திரையில், அடியில், விண்டோஸ் நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலான 'பாத்'தில் பைத்தானைச் சேர்க்கும் சிறு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாமல் விட்டிருப்பீர்கள். நிறுவியை மறுபடி திறந்து, 'மாடிஃபை' வழியாகச் சுற்றுச்சூழல் மாறிகளில் சேர்க்கும் தேர்வை டிக் செய்யுங்கள். கட்டளைச் சாளரத்தை மூடித் திறந்த பிறகே அது பலிக்கும். அப்படியும் ஸ்டோர் வந்தால், விண்டோஸ் அமைப்புகளில் 'ஆப் எக்ஸிகியூஷன் ஏலியஸ்' பட்டியலில் பைத்தான் பெயரில் உள்ள இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

அடுத்ததாக 'வென்வ்' கொண்டு கடைக்கென்று ஒரு மெய்நிகர் சூழல் உருவாக்குங்கள். லைப்ரரியை அதற்குள்தான் நிறுவ வேண்டும். ஒரே கணினியில் சம்பளக் கணக்கு மென்பொருளும் இருந்தால், ஒன்றைப் புதுப்பிக்கப்போய் மற்றொன்று உடைவதை இது தடுக்கும்.

கடையில லைன் ரொம்ப மெதுவு. டவுன்லோட் பாதியிலேயே நின்னுடுது. என்ன செய்றது?

நல்ல இணைப்பு உள்ள இடத்தில் பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான 'பிப்'பின் 'பிப் டவுன்லோட்' கட்டளையால் லைப்ரரியையும் அது சார்ந்த எல்லாத் தொகுப்புகளையும் ஒரு ஃபோல்டரில் இறக்குங்கள். அதைப் பென்டிரைவில் கடைக்குக் கொண்டுபோய், 'பிப் இன்ஸ்டால்' கட்டளையோடு 'நோ-இண்டெக்ஸ்', 'ஃபைண்ட்-லிங்க்ஸ்' என்ற இரு தேர்வுகளையும் சேர்த்தால் இணையமே இல்லாமல் நிறுவலாம்.

இதில் தவறுவது ஒரே இடத்தில்தான். இறக்கிய கணினியும் கடைக் கணினியும் ஒரே பைத்தான் பதிப்பு, ஒரே இயங்குதளம், ஒரே 32 அல்லது 64 பிட்டாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், கோப்பு கண்ணெதிரே இருந்தும் 'பொருந்தும் பதிப்பு இல்லை' என்று பிப் மறுத்துவிடும். நிறுவி முடித்ததும் 'பிப் ஃப்ரீஸ்' தரும் பதிப்புப் பட்டியலைக் கோப்பாகச் சேமியுங்கள். கணினி பழுதாகி வேறு கணினிக்கு மாறும்போது அந்தப் பட்டியல்தான் கைகொடுக்கும்.

6, 8னு விகிதத்தை எங்க எழுதி வைக்கணும்?

நிரலுக்குள் வேண்டாம், தனி அட்டவணையில் வையுங்கள். ஒரு வரிசைக்கு ஐந்து புலங்கள் போதும்: சேவைக் குறியீடு, தொடங்கும் தேதி, முடியும் தேதி, விகிதம், விதியின் அடையாளம். விகிதம் மாறினால் பழைய வரிசையை அழிக்காதீர்கள். அதன் முடியும் தேதியை நிரப்பிவிட்டு, கீழே புது வரிசை சேருங்கள். கார் பழுதுபார்ப்புக்கு 2018-09-01 முதல் 2024-02-29 வரை 6 என்று ஒரு வரிசை, 2024-03-01 முதல் 8 என்று இன்னொன்று.

லைப்ரரி இந்த அட்டவணையில் தேடும்போது கணினியின் 'இன்றைய தேதி'யைத் தானாக எடுக்கக் கூடாது. வரித் தேதியை பில் மென்பொருள்தான் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் லைப்ரரி பிழை காட்டி நிற்க வேண்டும். நேற்றைய வேலைக்கு இன்று பில் போடுவது பட்டறைகளில் அன்றாடம் நடப்பதுதான்.

கால்குலேட்டர்ல 1.25 வருது. பில்லுல 1.24னு அடிக்குதே?

20 வெள்ளி 75 சென்னுக்கு 6 விழுக்காடு போட்டிருப்பீர்கள். சரியான விடை 1.245. அதை இரண்டு தசமத்துக்குச் சுருக்கும்போது இரண்டு சிக்கல்கள் வருகின்றன.

முதலாவது, 'ஃப்ளோட்' எண். கணினி அதை இரும எண்ணாக வைப்பதால் பல தசமங்கள் துல்லியமாக அதில் அடங்குவதில்லை. பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும், 2.675-ஐ இரண்டு தசமத்துக்கு 'ரவுண்ட்' செய்தால் 2.68 வராது, 2.67 வரும். அதனால் பணத்துக்கு எப்போதும் 'டெசிமல்' வகைதான். அதிலும் எண்ணை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகத் தர வேண்டும். மேற்கோள் இல்லாமல் 0.1 என்று தந்தால், ஃப்ளோட்டின் பிசகு அப்படியே டெசிமலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டாவது சிக்கல் அதைவிடத் தந்திரமானது. டெசிமலுக்கு மாறிய பிறகும் 1.24 வரலாம். டெசிமலின் இயல்பான சுருக்கும் முறை 'ஹாஃப் ஈவன்'. சரிபாதியில் நிற்கும் எண்ணை அது பக்கத்து இரட்டைப்படை இலக்கத்துக்குத் தள்ளும். 1.245 என்றால் 1.24. ஆனால் 20.25-க்கு வரி 1.215, அது 1.22 என்று சரியாகவே வரும். சில பில்லில் சரி, சில பில்லில் ஒரு சென் குறைவு என்று இருப்பதால் சோதனையில் எளிதாகச் சிக்காது. டெசிமலைச் சுருக்கும் 'குவாண்டைஸ்' செயற்கூறை அழைக்கும் ஒவ்வொரு இடத்திலும் 'ரவுண்ட் ஹாஃப் அப்' என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியா வரியைச் சுருக்கணுமா, கடைசி மொத்தத்துலயா?

மூன்று தே தாரிக் தேநீர், ஒவ்வொன்றும் 2.60, மூன்று வரிசைகளாக பில்லில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் வரி 0.156, சுருக்கினால் 0.16, மூன்றுக்கும் 0.48. மொத்தம் 7.80-க்குப் போட்டால் 0.468, சுருக்கினால் 0.47. ஒரு சென் வித்தியாசம்.

மின்-விலைப்பட்டியல் அனுப்பும் கடைகள் வரிசைக்கு வரிசை சுருக்குவதே நல்லது. மின்-விலைப்பட்டியல் வாங்கும் அரசின் 'மைஇன்வோய்ஸ்' அமைப்புக்கு ஒவ்வொரு வரிசையின் வரியும் மொத்த வரியும் போக வேண்டும். வரிசைகளைக் கூட்டினால் மொத்தத்தோடு பிசகாமல் நிற்க வேண்டும். எந்த முறையானாலும் அமைப்புக் கோப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதி வைத்து, பில்லுக்கும் அறிக்கைக்கும் அதையே பயன்படுத்துங்கள். இரண்டும் கலந்தால் மாதக் கடைசியில் கணக்கு ஒட்டவே ஒட்டாது.

5 சென்னுக்குச் சுருக்கும்போது வரியும் மாறணுமா?

மாறக் கூடாது. 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கொடுக்கும்போது பில்லின் மொத்தம் மட்டும் பக்கத்து 5 சென்னுக்குச் சுருக்கப்படுகிறது. 1, 2, 6, 7 சென்னில் முடிந்தால் கீழே. 3, 4, 8, 9 என்றால் மேலே. சாப்பாடு 23.70, வரி 1.42, மொத்தம் 25.12 என்றால் ரொக்கம் 25.10. பில்லில் 'சுருக்கல் –0.02' என்று தனி வரிசை வரும்; வரி 1.42 அப்படியே நிற்கும். அட்டையிலோ இ-வாலெட்டிலோ கட்டினால் 25.12 தான். ஆகவே பணம் கட்டும் முறை தெரிந்த பிறகே இந்தப் படி ஓட வேண்டும். வரி லைப்ரரிக்குள் இதைச் சேர்க்காமல் தனிச் செயற்கூறாக வைப்பது மேல்.

விலைப் பட்டியல்ல வரியோட சேர்த்து 15 வெள்ளின்னு போட்டிருக்கோம். அதுல வரி 90 சென் தானே?

இல்லை, 85 சென். 15 வெள்ளி என்பது 106 பங்கு. அதில் 6 பங்கு வரி. 15-ஐ 6-ஆல் பெருக்கி 106-ஆல் வகுத்தால் 0.849, சுருக்கினால் 0.85. வரியில்லாத விலையைத் தனியாகச் சுருக்கிக் கணக்கிடாமல், 15.00-லிருந்து 0.85-ஐக் கழித்து 14.15 என்று எடுங்கள். அப்போதுதான் இரண்டும் சேர்ந்து மறுபடி 15 வரும்.

லாகிங் ஆன் பண்ணியாச்சு. ஆனா ஃபைல்ல ஒண்ணுமே வரல.

நான்கு காரணங்களை இதே வரிசையில் பாருங்கள். முதலில் நிலை. பைத்தானின் 'லாகிங்' தொகுப்பு இயல்பாக 'வார்னிங்' நிலையில் இருக்கும். டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிகல் 50. வரி லைப்ரரி பெரும்பாலும் இன்ஃபோவில் எழுதுவதால் எல்லாமே வடிகட்டப்படுகிறது. லாகருக்கும் (பதிவை உருவாக்கும் பகுதி) நிலை உண்டு, ஹேண்ட்லருக்கும் (அதைக் கோப்பில் எழுதும் பகுதி) நிலை உண்டு. இரண்டையும் தாண்டினால்தான் லாக் வரி கோப்புக்குப் போகும்.

அடுத்து கோப்பின் இடம். வெறும் கோப்புப் பெயரை மட்டும் கொடுத்தால், நிரல் எந்த ஃபோல்டரிலிருந்து இயங்குகிறதோ அங்கே எழுதும். டெஸ்க்டாப் ஷார்ட்கட்டின் 'ஸ்டார்ட் இன்' இடம் வேறாக இருந்தால் கோப்பும் அங்கேதான் கிடக்கும். முழுப் பாதையைக் கொடுங்கள். 'புரோகிராம் ஃபைல்ஸ்' வேண்டாம், சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது. 'புரோகிராம் டேட்டா'வுக்குள் கடைக்கென ஒரு ஃபோல்டர் வைத்து, கவுண்டர் பயனருக்கு எழுதும் அனுமதி கொடுங்கள்.

மூன்றாவது, லாகை அமைக்கும் 'பேசிக்கான்ஃபிக்' செயற்கூறு. எல்லா லாகருக்கும் மேலே நிற்கும் மூல லாகருக்கு ஏற்கெனவே ஹேண்ட்லர் இருந்தால் இது எதுவும் செய்யாது, பிழையும் சொல்லாது. பைத்தான் 3.8 முதல் 'ஃபோர்ஸ்' தேர்வை உண்மை என்று கொடுத்தால் பழையதை நீக்கிவிட்டுப் புதிதாக அமைக்கும். நான்காவது, லாகை அமைக்க 'டிக்ட்கான்ஃபிக்' செயற்கூறைப் பயன்படுத்துபவர்களுக்கு: 'டிசேபிள் எக்ஸிஸ்டிங் லாகர்ஸ்' என்ற அமைப்பு இயல்பாகவே உண்மை. லைப்ரரியை முதலில் இறக்குமதி செய்துவிட்டு அதன்பின் லாகை அமைத்தால், லைப்ரரியின் லாகர் ஓசையில்லாமல் அணைந்துவிடும். அதைப் பொய் என்று மாற்றுங்கள்.

லைப்ரரிக்குள்ளேயே லாக் ஃபைலைத் திறந்துவச்சா வேலை சுலபமா போயிடாதா?

வேண்டாம். லைப்ரரி தன் தொகுதிப் பெயரில் ஒரு லாகரை எடுத்து, எங்கும் எதுவும் எழுதாத 'நல் ஹேண்ட்லர்' ஒன்றைச் சேர்ப்பதோடு நிற்க வேண்டும். எந்தக் கோப்பு, எந்த நிலை என்பதெல்லாம் கடை மென்பொருளின் தொடக்கக் கோப்பில் ஒரே இடத்தில் முடிவாகட்டும்.

லாக்ல ஒவ்வொரு வரியும் ரெண்டு ரெண்டு தடவை வருதே?

லாகருக்கு ஒரு ஹேண்ட்லர், மூல லாகருக்கு ஒரு ஹேண்ட்லர் என்று வைத்திருப்பீர்கள். பதிவு கீழிருந்து மேலே ஏறும்போது இரண்டும் எழுதும். ஒன்றை நீக்குங்கள், அல்லது லாகரின் 'புரொபகேட்' பண்பைப் பொய்யாக்குங்கள். பில்லுக்கு பில் இரண்டு, மூன்று, நான்கு என்று ஏறிக்கொண்டே போனால் காரணம் வேறு: ஹேண்ட்லர் சேர்க்கும் வரி, பில் போடும் செயற்கூறுக்குள் இருக்கிறது.

லாக்ல என்னென்ன எழுதணும்?

யாராவது பழைய பில்லை நீட்டி 'இந்தத் தொகை எப்படி வந்தது?' என்று கேட்டால், நிரலைத் திறக்காமல் லாக் வரியை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடிய வேண்டும். அதற்கு உள்ளே போன எண்கள், வெளியே வந்த எண்கள், பயன்பட்ட விதி மூன்றும் ஒரே வரியில் இருக்க வேண்டும். டயர் கடை பில் ஒன்றுக்கு இப்படி:

2024-03-01 07:30:12 | இன்ஃபோ | பில்=1042 | வரித்தேதி=2024-03-01 | குறியீடு=பழுது | அடிப்படை=180.00 | விகிதம்=8 | விதி=2024-03 | சுருக்கல்=ஹாஃப்அப் | வரி=14.40 | பதிப்பு=1.3.0

வரி சுழியமானாலும் ஒரு லாக் வரி எழுதி, காரணத்தையும் சேருங்கள்: பதிவு இல்லை, விலக்கு, அட்டவணையில் குறியீடு இல்லை. கடைசியாகச் சொன்னதை வார்னிங் நிலைக்கு ஏற்றுங்கள். புதுச் சேவையைச் சேர்த்துவிட்டுக் குறியீடு தர மறந்தால், மாதக் கணக்கில் வரி விடுபட்டுப்போவது இப்படித்தான். கணக்கு நடுவில் உடைந்தால் 'எக்ஸெப்ஷன்' செயற்கூறால் எழுதுங்கள். நிரலில் உடைந்த இடத்தின் வரி எண்ணும் முழுத் தடமும் சேர்ந்து பதிவாகும்.

டீபக்கை எப்பவும் திறந்தே விட்டா நல்லதுதானே?

கடையில் வேண்டாம். டீபக் நிலையில் சில தொகுப்புகள் அனுப்பும் தரவை முழுசாகக் கொட்டும். மின்-விலைப்பட்டியலுக்காக வாடிக்கையாளர் தந்த அடையாள அட்டை எண், வரி அடையாள எண், முகவரி எல்லாம் வெறும் எழுத்துக் கோப்பில் கிடக்கும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 கடைகளுக்கும் உண்டு. லாகில் பில் எண் மட்டும் போதும். ஆளைத் தேட வேண்டுமென்றால் அந்த எண்ணை வைத்துத் தரவுத்தளத்தில் தேடலாம். பிழை தேடும்போது மட்டும் டீபக்கைத் திறந்து, முடிந்ததும் மூடிவிட்டு அந்தக் கோப்பை அழியுங்கள்.

சாமான் பேரைத் தமிழ்ல வச்சிருக்கோம். லாக் எழுதும்போது எரர் வருது.

ஃபைல் ஹேண்ட்லர் உருவாக்கும்போது 'என்கோடிங்' இடத்தில் யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் பல விண்டோஸ் கணினிகளில் தமிழ் எழுத்தே இல்லாத பழைய குறியாக்கத்தில் எழுத முயன்று தோற்கும்.

லாக் ஃபைல் பெருசாகிட்டே போகுது. பழையதை அழிச்சா கஸ்தம் (சுங்கத் துறை) கேட்டா என்ன சொல்றது?

இங்கே இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சேவை வரிப் பதிவுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். லாக் கோப்பு பிழை தேடுவதற்கானது. 'லாக்ல என்னென்ன எழுதணும்?' என்ற கேள்வியின் பதிலில் காட்டிய லாக் வரியின் புலங்களை, விதியின் அடையாளத்தையும் சேர்த்து, பில்லோடு தரவுத்தளத்திலேயே சேமியுங்கள். 7 ஆண்டுகள் நிற்க வேண்டியது அதுதான். அது பத்திரமாக இருந்தால் லாகைத் தாராளமாகச் சுழலவிடலாம்.

ஒரு லாக் வரி 300 பைட், பில்லுக்கு 5 வரி, நாளுக்கு 400 பில் என்றால் நாளுக்கு 0.6 மெகாபைட்தான். 'டைம்ட் ரொட்டேட்டிங்' ஹேண்ட்லரை நள்ளிரவுக்கு அமைத்து 90 கோப்புகள் வைத்தால் மூன்று மாதத்துக்கு 55 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். அளவு பார்த்துச் சுழலும் ஹேண்ட்லரை எடுத்தால் அதிகபட்ச அளவு, காப்புக் கோப்பு எண்ணிக்கை இரண்டையும் கொடுங்கள். ஒன்று சுழியமாக இருந்தாலும் கோப்பு சுழலவே சுழலாது.

ரெண்டு கவுண்டரும் ஒரே லாக் ஃபைல்ல எழுதலாமா?

கூடாது. இரண்டு நிரல்கள் ஒரே கோப்பில் எழுதுவதை இந்த ஹேண்ட்லர்கள் தாங்குவதில்லை. நள்ளிரவில் ஒன்று கோப்பின் பெயரை மாற்ற முயலும்போது, மற்றது திறந்து வைத்திருப்பதால் விண்டோஸ் அனுமதி மறுக்கும். கவுண்டர் எண்ணைக் கோப்புப் பெயரில் சேர்த்துத் தனித்தனியாக எழுதுங்கள்.

இடி மழைன்னா கரண்ட் போயிடும். லாக் தங்குமா?

ஃபைல் ஹேண்ட்லர் ஒவ்வொரு வரியையும் உடனே இயங்குதளத்திடம் கொடுத்துவிடும். நிரல் மட்டும் நின்றுபோனால் எதுவும் போகாது. மின்சாரமே போனால், வட்டில் இன்னும் இறங்காத கடைசிச் சில வரிகள் போகலாம். கவுண்டர் கணினிக்கு யூபிஎஸ் போடுங்கள். பில்லும் வரி விவரமும் தரவுத்தளத்தில் ஒரே பரிவர்த்தனையாக ஏறட்டும்: இரண்டும் பதிவாக வேண்டும், அல்லது இரண்டும் பதிவாகக் கூடாது.

2024 மார்ச் 1 காலையில போட்ட பில்லுக்கு மட்டும் பழைய 6 வந்திருக்கு. 8 மணிக்கு அப்புறம் சரியா இருக்கு. எப்படி?

நேர மண்டலம்தான் காரணம். மலேசிய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முந்தியது. மென்பொருள் முழுவதும் பொது நேரத்தில் ஓடினால் இப்படி வரும். இப்போது மைஇன்வோய்ஸும் பொது நேரத்தைக் கேட்பதால் பலர் எல்லாவற்றையும் அதற்கே மாற்றிவிடுகிறார்கள். டயர் கடையில் காலை 7.30-க்கு வீல் அலைன்மென்ட் செய்தால் பொது நேரப்படி அது பிப்ரவரி 29, இரவு 11.30. வரித் தேதியை அதிலிருந்து எடுத்தால் பழைய வரிசைதான் அகப்படும்.

வரித் தேதி எப்போதும் கோலாலம்பூர் நேரப்படி இருக்கட்டும். அனுப்பும் படியில் மட்டும் பொது நேரத்துக்கு மாற்றுங்கள். லாகில் நேரத்தோடு '+08:00' என்று சேர்த்தால் எது எந்த நேரம் என்ற குழப்பம் வராது. வரித் தேதியை லாகில் தனிப் புலமாக வைக்கச் சொன்னது இதற்குத்தான்: நேரமும் தேதியும் முரண்பட்டால் பார்த்ததுமே தெரியும்.

லைப்ரரியைப் புதுப்பிச்சா பழைய பில்லோட கணக்கு மாறிடுமா?

பழைய பில்லைத் திறக்கும்போது, சேமித்த வரியைக் காட்டாமல் மறுபடி கணக்கிட்டுக் காட்டும் மென்பொருளில் மாறும். அச்சிட்டுக் கொடுத்த பில் மறுகணக்குக்கு உட்படவே கூடாது.

புதுப்பிக்கும் முன் ஒரு சோதனைத் தொகுப்பு ஓட்டுங்கள். விடை கையால் சரிபார்த்த பில்களாக அது இருக்கட்டும்: 2018 மே 31, ஜூன் 1, ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1, 2024 பிப்ரவரி 29, மார்ச் 1 ஆகிய தேதிகளில் தலா ஒன்று, சுருக்கலுக்கு 20.75, வரி சேர்ந்த விலைக்கு 15.00, காலை 7.30 பில், பதிவில்லாக் கடை பில். ஒரு சென் பிசகினாலும் புதுப் பதிப்பை கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். எல்லாம் சரி என்றாலும் கடை மூடிய பிறகே மாற்றுங்கள். பழைய மெய்நிகர் சூழலை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்து, மறுநாள் லாகில் 'பதிப்பு' புலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் ஷார்ட்கட் இன்னும் பழைய சூழலைத்தான் திறக்கிறது.